மகளுக்கு ஒரு வீடு

தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் பெண் புகுந்த வீட்டுக்குப் புறப்படும் நேரம் அழுகை இல்லாமல் கழிவதில்லை. காயல்பட்டினத்தில் அந்த அழுகைக்கு வேலை இல்லை. நிக்காஹ் முடிந்ததும் வீடு மாறுகிறவர் மாப்பிள்ளை. பெண் பிறந்த தெருவிலேயே, பெரும்பாலும் பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள். இல்லாவிட்டால் வாப்பா அவளுக்கென்று கட்டிக்கொடுத்த பக்கத்து வீட்டில் குடியேறுகிறாள். உம்மா அருகில், சகோதரிகள் அருகில். அந்த வீடு அவளுடையது. மாப்பிள்ளை அங்கே வந்து சேர்ந்தவர்.

தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினம், ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரை, தஞ்சை மாவட்டத்து அதிராம்பட்டினம் என்று கரையோரமாகவே இந்த வழக்கத்தைத் தொடர்ந்து போகலாம். பாக் நீரிணையைத் தாண்டினால் இலங்கையின் கிழக்கில் காத்தான்குடி, மருதமுனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலும் பெண்ணுக்குத்தான் வீடு. ஆனால் கரையை விட்டு உள்நாட்டுக்குப் போனால் கதை மாறிவிடும். ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் குடும்பங்களிலும் மதுரைப் பக்கத்து ராவுத்தர் குடும்பங்களிலும் பெண்தான் கணவன் வீட்டுக்குப் போகிறாள். குர்ஆன் ஒன்று, கலிமா ஒன்று, பேசும் மொழியும் பல வீடுகளில் ஒன்றுதான். ஆனாலும் ஒரு பிள்ளை யார் வீட்டில் பிறக்கிறது, யார் மடியில் வளர்கிறது என்பது ஊருக்கு ஊர் வேறு. 'முஸ்லிம் குடும்பம்' என்று ஒரே வார்த்தையில் பேசுகிறவர்கள் முதலில் கவனிக்கவேண்டிய செய்தி இது.

தெருவாசலும் முடுக்கும்

காயல்பட்டினத்துப் பழைய வீடு அகலத்தில் சிறுத்தது, நீளத்தில் பெருத்தது. தெருவைப் பார்த்த வாசல் ஆண்களுக்கும் விருந்தாளிகளுக்கும். நடு அறைகளைத் தாண்டி, அடுக்களையையும் தாண்டிப் பின்னால் போனால் இன்னொரு வாசல் இருக்கும். அது திறப்பது 'முடுக்கு' என்று ஊரார் சொல்லும் ஒடுங்கிய சந்தில். முடுக்கு பெண்களின் பாதை. ஆண்கள் அதில் நடப்பதில்லை. ராத்தா (அக்கா) வீட்டுக்குக் குழம்புச் சட்டியைக் கொண்டுபோகவும், மாமி வீட்டில் பிள்ளை பிறந்திருந்தால் பார்த்துவரவும், பெண்களின் தைக்காவுக்குத் தொழப் போகவும் பெரிய தெருவில் இறங்க வேண்டியதில்லை. முடுக்கு வழியே போய் முடுக்கு வழியே வந்துவிடலாம். ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு நடுவே உள்கதவு வைத்துக்கொள்வதும் உண்டு.

வீட்டின் இந்த நீளத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு மனையை இரண்டு மூன்று மகள்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது ஒவ்வொருத்திக்கும் தெருவாசல் வேண்டும், முடுக்கு வாசலும் வேண்டும். ஆகவே கோடு நீளவாக்கில்தான் விழும். தலைமுறைக்குத் தலைமுறை வீடு மெலிந்துகொண்டே வந்தது; பெண்களின் அண்டை வீட்டு உறவு அடர்ந்துகொண்டே வந்தது. ஒரு தெருவில் வரிசையாக இருக்கும் நாலைந்து வீட்டுப் பெண்கள் ஒரே பாட்டியின் பேத்திகளாக இருப்பது அங்கே சாதாரணம்.

இப்படி ஒரு வீட்டில் பிறக்கும் பிள்ளையின் உலகம் எப்படி இருக்கும்? தலைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவது என்ற தமிழ்ச் சடங்கு இங்கே தேவைப்படுவதில்லை. அவள் இருப்பதே அம்மா வீடு. ஏழாம் நாள் பெயர் வைத்து அகீகா (ஆட்டுப் பலி) கொடுப்பதும், நாற்பது நாள் பத்தியமும், குழந்தையைக் குளிப்பாட்டுவதும் உம்மாவைப் பெற்ற உம்மாவின் மேற்பார்வையில் நடக்கும். சாச்சி (சித்தி) அடுத்த வீட்டில் இருப்பாள். அவள் பிள்ளைகளும் இவள் பிள்ளைகளும் எந்த வீட்டுச் சோறு என்று பார்க்காமல் வளர்வார்கள். வாப்பாவைப் பெற்ற பாட்டி வேறு தெருவில் இருப்பாள். பெருநாள் காலையில் புதுச்சட்டையோடு போய் ஸலாம் சொல்லிப் பெருநாள் காசு வாங்கி வருவது அந்த வீட்டில். மாமன்மார் கல்யாணமானதும் வேறு வீட்டு மாப்பிள்ளைகளாகிப் போய்விடுவார்கள். ஆனால் தங்கையின் பிள்ளைக்கு ஒன்று என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார்கள். மருமகள் மாமியாரிடம் படும் பாட்டைப் பற்றித் தமிழில் எத்தனையோ பழமொழிகள் உண்டு. இந்த ஊர்களில் அவற்றுக்கு அவ்வளவு செலாவணி கிடையாது. சங்கடம் இருந்தால் அது மாமியார் வீட்டில் அடக்கி வாசிக்கவேண்டிய மாப்பிள்ளைக்கு.

குதிரையும் முத்தும்

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருப்பது கடல். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறையைப் பெரிய பட்டணமாகக் காட்டுகிறார். ஹோர்முஸ், கீஷ், ஏடன், அரேபியா ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிக்கொண்டு வரும் கப்பல்கள் எல்லாம் அங்கே தொடும் என்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பாண்டிய நாட்டுக்கும் காம்பே முதலிய துறைகளுக்கும் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் ஏற்றுமதியானதாக எழுதினார். கீஷ் தீவின் அதிபதி ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன், பாண்டியனிடம் அமைச்சராக இருந்து துறைமுகங்களைக் கவனித்தார் என்பதும் வஸ்ஸாஃப் தரும் செய்தி. அந்தக் காயல் இன்றைய பழையகாயல் என்று 19ஆம் நூற்றாண்டில் இடம் குறித்தவர் கால்டுவெல். தாமிரபரணி வண்டல் கொட்டிக் கடலைத் தள்ளிவிட, துறை நகர்ந்தது. வணிகமும் சனங்களும் சற்றுத் தெற்கே இன்றைய காயல்பட்டினத்தில் நிலைத்தார்கள்.

குதிரை, முத்து, சங்கு, பிறகு துணி, அரிசி, ரத்தினக்கல் என்று சரக்கு மாறிக்கொண்டே வந்தது. ஆண் கடலுக்கு அப்பால் இருப்பது மட்டும் மாறவில்லை. பாய்க்கப்பல் காலத்தில் பருவக்காற்று வைத்ததுதான் சட்டம். ஒரு காற்றில் போனவர் எதிர்க்காற்று எழும்பும் வரை திரும்ப முடியாது. அரபுக் கரைக்கோ மலாக்காவுக்கோ போனால் மாதக்கணக்காகும். வியாபாரம் பிடித்துக்கொண்டால் வருடக்கணக்காகும். திரும்பாமலே போனவர்களும் உண்டு. அப்படிப்பட்டவனுக்கு மகளைக் கொடுக்கும் தகப்பன், அவளை வேறொரு வீட்டில் மாமியார், நாத்தனார் கையில் விட்டுவிட்டு எப்படித் தூங்குவான்? அவளைத் தன் கண்பார்வையில், அவள் பெயரிலுள்ள வீட்டில் வைத்துக்கொண்டான். கணவன் சபர் (கடல் பயணம்) போயிருந்தாலும், கப்பல் கவிழ்ந்தாலும், வேற்றூரில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டாலும், அவளும் பிள்ளைகளும் இருந்த இடத்தில் இருந்தார்கள். தலாக் என்று வந்தாலும் வாசலைத் தாண்டி வெளியே போக வேண்டியவர் மாப்பிள்ளைதான்.

வந்தவர்களின் நிலைமையும் இதற்கு ஒத்துப்போனது. மேற்கிலிருந்து வந்து இங்கே மணம் முடித்த அரபு வணிகனுக்கு இந்தக் கரையில் வீடு ஏது, தாய் ஏது? பெண் எடுத்த வீடுதான் அவனுடைய வீடு. பிள்ளைகள் தாயின் மொழியைப் பேசி, தாயின் ஊர்க்காரர்களாக வளர்ந்தார்கள். தமிழ் முஸ்லிம் என்ற ஒரு சமூகம் உருவான விதத்தில் இந்தத் தாய்வீடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த வழக்கம் தமிழ்க் கரைக்கு மட்டும் சொந்தமில்லை. வட மலபாரின் கண்ணூர், தலச்சேரி மாப்பிள்ளை முஸ்லிம்களிடம் தாய்வழிக் கூட்டுக் குடும்பங்களான தறவாடுகளே இருந்தன; கண்ணூர் அரக்கல் அரசில் பெண்களும் ஆட்சிப் பொறுப்புக்கு வந்தார்கள். லட்சத்தீவில் சொத்துக்குக் கிழமைப் பெயர் உண்டு. தாய்வழியில் வரும் தறவாட்டுச் சொத்து 'வெள்ளியாழ்ச்ச', ஒருவர் தானாகச் சம்பாதித்தது 'திங்களாழ்ச்ச'. முன்னது தீவின் வழக்கப்படி போகும், பின்னதை ஷரீஅத் முறையில் பிரிக்கலாம். மானிடவியலாளர் லீலா துபே கல்பேனித் தீவை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட நூல் இதை விரிவாகச் சொல்கிறது. இன்னும் தெற்கே ஆப்பிரிக்கக் கரையோரக் கொமரோ தீவுகளில் மகளுக்காக வீடு கட்டுகிறார்கள். சுமத்ராவின் மினாங்கபாவு முஸ்லிம்களிடம் வீடும் வயலும் பெண்வழியில் இறங்குகின்றன. இவர்கள் அனைவருமே ஷாஃபிஈ மத்ஹப் என்ற மார்க்கச் சட்டப் பிரிவைப் பின்பற்றுகிறவர்கள். பருவக்காற்றோடு சேர்ந்து பரவிய மத்ஹப் அது.

ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். மலபாரில் பிள்ளை தாயின் தறவாட்டைச் சேர்ந்தது, சொத்தும் அந்த வழியில் போனது. காயலிலும் கீழக்கரையிலும் அப்படி இல்லை. வாப்பா இறந்தபின் கடை, காணி, ரொக்கம் எல்லாம் ஷரீஅத் பங்குப்படி மகன்களுக்கும் மகள்களுக்கும் பிரியும். வீடு மட்டும் அந்தக் கணக்குக்குள் வராமல், அவர் உயிரோடிருக்கும்போதே மகள் பெயருக்கு மாறியிருக்கும்.

ஃபிக்ஹு என்ன சொல்கிறது

இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டத்தில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு. ஆனால் அது இறப்புக்குப் பிறகு வரும் கணக்கு. உயிரோடிருக்கும் மனிதர் தன் சொத்தை 'ஹிபா' என்று அன்பளிப்பாக யாருக்கும் கொடுக்கலாம். கொடுப்பதாகச் சொல்லவேண்டும், பெறுகிறவர் ஏற்கவேண்டும், சொத்து கைமாற வேண்டும். காயலின் தகப்பன்மார் பிடித்த வழி இதுதான். வழக்கத்தையும் விடவில்லை, ஷரீஅத்தையும் மீறவில்லை.

ஆனாலும் ஆலிம்கள் இதை ஒரே குரலில் ஏற்றுக்கொண்டதில்லை. பிள்ளைகளுக்கு அன்பளிப்பு கொடுப்பதில் நீதி வேண்டும் என்பதற்கு நுஃமான் இப்னு பஷீரின் ஹதீஸ் பிரபலம். தன்னுடைய ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்துவிட்டு நபிகளைச் சாட்சியாக்கப் போன தகப்பனிடம், மற்றப் பிள்ளைகளுக்கும் இதேபோலக் கொடுத்தாயா என்று நபிகள் கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். இதைக் காட்டி, மகளுக்கு வீடு கொடுத்தால் மகனுக்கு என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. இன்னொரு கேள்வி இதைவிடக் கூர்மையானது. மனைவிக்கு உறைவிடம் தருவது கணவனின் கடமை என்பது ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல்களின் பொது முடிவு. அப்படியானால் மாமனார் கட்டிய வீட்டில் வந்து குடியேறுகிற மாப்பிள்ளை தன் கடமையை யார் தலையில் வைக்கிறார்?

1980களுக்குப் பிறகு தமிழ்நாட்டில் வலுத்த தவ்ஹீத் இயக்கங்கள் வரதட்சணைக் கல்யாணங்களைப் புறக்கணிக்கச் சொல்லி மேடை மேடையாகப் பேசின. மாப்பிள்ளை பெண்ணுக்கு மஹர் கொடுத்து மணம் முடிப்பதே மார்க்கம், கைநீட்டி வாங்குவது இழுக்கு என்ற பேச்சு இளைஞர்களிடம் எடுபட்டது. ரொக்கம் கேட்பதற்குப் பலர் கூசத் தொடங்கினார்கள். ஆனால் வீடு என்று வரும்போது பேச்சு குழைந்துவிடும். 'நாங்க ஒன்னும் கேக்கலையே, அவங்க மகளுக்கு அவங்க குடுக்குறாங்க' என்ற பதில் தயாராக இருக்கும். அந்தப் பதிலில் பாதி உண்மை. பெண்ணுக்கு வீடு இருக்கிறதா என்று விசாரித்துவிட்டே பெண் பார்க்க வந்தார்கள் என்பது மீதி உண்மை.

உம்மா ஓதிக்கொடுத்தது

வீடு பெண்களுடையது என்றால், அந்த வீட்டின் படிப்பும் பெண்கள் வழியாகவே ஓடும். மேற்குக் கரையில் ஹொன்னாவரத்துக்கு 1340களில் வந்த இப்னு பதூதா, அவ்வூர்ப் பெண்கள் குர்ஆனை மனனம் செய்திருந்ததையும், பெண் பிள்ளைகளுக்கு 13 பள்ளிகளும் ஆண் பிள்ளைகளுக்கு 23 பள்ளிகளும் இருந்ததையும் வியந்து எழுதுகிறார். ஷாஃபிஈ வணிகக் கரைகளில் பெண் குழந்தைகளுக்கு ஓதிக்கொடுக்கும் பழக்கம் பழையது என்பதற்கு அது ஒரு சாட்சி.

தமிழ்க் கரையில் இந்தப் படிப்புக்கு ஒரு தனி எழுத்தே இருந்தது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அர்வி. அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்குப் புள்ளியும் கோடும் சேர்த்து உருவாக்கியது. குர்ஆன் ஓதக் கற்ற பெண் பிள்ளைக்கு அதே எழுத்தில் தமிழும் வந்துவிடும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத, தமிழ் எழுத்து தெரியாத பாட்டிகள் பலர் அர்வியில் சரளமாகப் படித்தார்கள். மாலைகளும் முனாஜாத்துகளும் (இறைஞ்சல் பாடல்கள்) மசலாக்களும் (வினா-விடை நூல்கள்), பெண்ணுக்குப் புத்தி சொல்லும் 'பெண்புத்தி மாலை'யும் அவர்களுடைய வாசிப்பு. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) வணக்க வழிபாட்டுச் சட்டங்களையும் கதையையும் அர்வியில் எழுதினார். அவர் தம் உஸ்தாத் (ஆசிரியர்) தைக்கா சாகிபின் மகளை மணந்தவர். ஊர் அவருக்கு வைத்த பெயரே மாப்பிள்ளை லெப்பை.

அச்சில் தமிழ் பரவி, பள்ளிக்கூடங்கள் வந்தபின் அர்வி ஒதுங்கியது. பெண் பிள்ளைகளின் படிப்புக்கு நடுவில் ஒரு மோசமான காலம் வந்தது. ஓதுவது பழைய வழியில் தொடர்ந்தது. பள்ளிப் படிப்போ வயதுக்கு வந்ததும் நின்றது. காரணம் பெரும்பாலும் இதுதான்: மேலே படிக்க ஊரில் இடம் கிடையாது, வெளியூருக்கு அனுப்ப வீட்டில் சம்மதம் கிடையாது. கடல் கடந்து சம்பாதித்த பணம் கல்லூரியாகத் திரும்பியபோது இந்த முடிச்சு அவிழ்ந்தது. கீழக்கரையில் 1988இல் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரியும், காயல்பட்டினத்தில் 2006இல் வாவு வஜீஹா மகளிர் கல்லூரியும் தொடங்கின. பெண் வீட்டில் இருந்தபடியே பட்டம் வாங்க முடிந்தது. கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பெண்ணும் குழந்தையை உம்மாவிடம் விட்டுவிட்டு வகுப்புக்குப் போக முடிந்தது. மாமியார் வீட்டில் இருப்பவளுக்கு இது அவ்வளவு லேசில் கிடைக்காது.

கிழக்கிலங்கையின் வளவு

இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்களிடம் இந்த வழக்கம் இன்னும் அழுத்தமானது. அங்கே வீட்டோடு 'குடி' என்ற குலமும் தாய்வழியில் வரும். பிள்ளை உம்மாவின் குடியைச் சேர்ந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்கார் என்று பிரதிநிதிகள் உட்கார்ந்தார்கள். பக்கத்தூர் மட்டக்களப்புத் தமிழர்களிடமும் குடிமுறை உண்டு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும் உண்டு. மதம் இரண்டாக இருந்தாலும் மண் ஒன்று. 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டென்னிஸ் மெக்கில்வ்ரே இவ்விரு சமூகங்களையும் சேர்த்தே எழுதினார்.

அங்கே மகள்களுக்கு வீடு பிரியும் விதம் பார்க்க வேண்டியது. மூத்தவளுக்குக் கல்யாணம் என்றால் பெற்றோர் தாங்கள் இருந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில் (மனையில்) இன்னொரு வீட்டைக் கட்டிக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு நகர்வார்கள். அடுத்தவளுக்கு அந்த வீடு. இப்படியே நகர்ந்து, கடைசியில் இளைய மகளோடு தங்கிவிடுவார்கள். வயதான உம்மாவையும் வாப்பாவையும் பார்ப்பது யார் என்ற தகராறு இங்கே குறைவு. பக்கத்தில் இருப்பவள் பார்க்கிறாள், பக்கத்தில் இருப்பவள் மகள்.

சட்டத்துக்கும் இலங்கையில் நீண்ட கதை உண்டு. 1806இல் கொழும்பு முஸ்லிம்களுக்கென்று ஒரு சட்டத் தொகுப்பு வந்தது. 1852இல் அது தீவு முழுவதற்கும் விரிந்தது. இன்று நடப்பிலுள்ள முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1951இல் இயற்றப்பட்டது. அதில் மஹரோடு 'கைக்கூலி'க்கும் வரையறை இருக்கிறது. பெண்ணின் நன்மைக்காக அவள் உறவினர் மாப்பிள்ளையிடம் கொடுக்கும் பணமும் பண்டமும் கைக்கூலி. அது மாப்பிள்ளையின் காசு ஆகிவிடாது; மனைவி காதி நீதிமன்றத்தில் கேட்டுத் திரும்பப் பெறலாம். திருமண வயது உட்படப் பல விதிகளுக்காக முஸ்லிம் பெண்களே இச்சட்டத்தைத் திருத்தச் சொல்லிப் பல வருடமாகப் போராடிவருகிறார்கள். ஆனாலும் வழக்கத்தில் கைமாறும் பணத்தைச் சட்டம் கண்டும் காணாமல் விடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை அடித்தது. மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனைக்குடி என்று கரையை ஒட்டி நெருக்கமாக இருந்த முஸ்லிம் ஊர்களில் வீடுகள் அடியோடு போயின. பிறகு அரசு கிழக்குக் கரையில் 200 மீட்டர் வரை வீடு கட்டக்கூடாது என்று கோடு போட்டது. போனவற்றில் பெரும்பாலானவை பெண்களின் சீதன வீடுகள். மாற்று வீடு கொடுக்க வந்த அதிகாரியின் படிவத்தில் இருந்த கட்டமோ 'குடும்பத் தலைவர்'. அதில் கணவன் பெயர் விழுந்தது. உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்துகொண்டிருந்த வீடு, ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் ஆணின் சொத்தாக மாறியது. மகளைக் கட்டிக்கொடுக்க இனி எந்த வீடு என்று பெற்றோர் தவித்ததை அந்த வருடங்களில் அங்கே ஆய்வு செய்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இருபது வருடத்துக்கு மேலான போரைத் தாங்கி நின்ற ஒரு வழக்கத்தை நிவாரணம் ஆட்டிவைத்தது.

யார் கொடுத்த விலை

இந்த வழக்கத்தைப் புகழ்ந்துவிட்டு எழுந்துபோய்விடலாம். அது சரியாக இருக்காது. ஒரு வீட்டுக்குப் பின்னால் ஒரு வாப்பாவின் கொழும்பு இருக்கிறது, ஒரு காக்காவின் (அண்ணனின்) துபாய் இருக்கிறது. மூன்று மகள் என்றால் மூன்று வீடு. சென்னை மண்ணடிக் கடையிலோ ஹாங்காங் ரத்தினக்கல் வியாபாரத்திலோ, 1970களுக்குப் பிறகு வளைகுடாவிலோ உழைத்தவர்களில் பலர் தங்கைகளுக்கு வீடு எழுப்பி முடித்த பிறகுதான் தங்கள் கல்யாணத்தைப் பற்றியே யோசித்தார்கள். அப்போது அவர்கள் போய் உட்கார்ந்ததும் இன்னொரு தகப்பன் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில். வசதியுள்ள குடும்பத்துக்கு இது பெருமை. மகளுக்கு வீடு எழுப்ப முடியாத குடும்பத்துப் பெண்ணுக்கு இது தள்ளிப்போகும் கல்யாணம். காப்பாக ஆரம்பித்த வழக்கம் காலப்போக்கில் தகுதிச் சீட்டாகிவிட்டது.

பிள்ளைகளுக்கும் இதில் ஒரு இழப்பு இருந்தது. வாப்பா என்பவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெட்டிகளோடு வந்து இறங்குகிறவர். அரபு நாட்டுச் சோப்பு வாசனையும் சாக்லேட்டும் தீர்வதற்குள் திரும்பிப் போகிறவர். தாய்வீடு அந்த வெற்றிடத்தை நிரப்பியது உண்மை. அந்த வெற்றிடத்தைப் பழக்கமாக்கிவிட்டதும் அதே தாய்வீடுதான். இப்போது வாட்ஸ்அப்பில் வாப்பாவின் முகம் தினமும் தெரிகிறது. பரீட்சை மார்க்கைக் காட்டித் திட்டு வாங்கவும் முடிகிறது.

வேறு மாற்றங்களும் வந்துவிட்டன. இந்திய முஸ்லிம் பெண் ஒருத்திக்குச் சராசரியாக 1992–93இல் 4.4 குழந்தை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னது. 2019–21இல் அது 2.4 ஆகக் குறைந்தது. நாலு மகள் இருந்த வீட்டில் இப்போது ஒன்று, இரண்டு. வீட்டின் கணக்கும் அதற்கேற்ப லேசாகிறது. நீளவாக்கில் கோடு போட்டுப் பிரிக்க இனி அகலம் இல்லாததால் மேலே மேலே எழுப்புகிறார்கள்: தரைத்தளம் மூத்தவளுக்கு, மாடி இளையவளுக்கு. சென்னையிலோ வளைகுடாவிலோ கணவனோடு குடியிருக்கும் பெண்ணுக்கு ஊரில் பூட்டிய வீடு ஒன்று இருக்கிறது. பள்ளி விடுமுறைக்கும் பிரசவத்துக்கும் அது திறக்கிறது. வெளியூர்ச் சம்பந்தம் கூடக் கூட, மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் காயல் பெண்களும் இருக்கிறார்கள்.

இத்தனையும் மாறலாம். மாப்பிள்ளை எங்கே தூங்குகிறார் என்பதிலோ, முடுக்கு இருக்கிறதா என்பதிலோ இந்த வழக்கத்தின் உயிர் இல்லை. அது இருப்பது பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதில். மகள் பெயரில் எழுதிய வீடு எழுநூறு வருடக் கடல் அனுபவம் பெண்ணுக்குக் கொடுத்த பாதுகாப்பு. அதே வீடு மருமகன் பெயரிலோ, மகள் மருமகன் கூட்டாகவோ, அவருடைய தொழிலுக்கு அடமானமாகவோ போனால் அதற்கு வரதட்சணை என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் மஹரை விலக்கி வைத்திருக்கிறது. மாப்பிள்ளை கேட்டு வாங்கும் வீட்டுக்கு அந்த விலக்கு கிடையாது.

ஜமாஅத்துகள் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு, செலவில்லாதது. நிக்காஹ் தஃப்தரில் (திருமணப் பதிவேட்டில்) மஹரை எழுதுகிறார்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கட்டும்: பெண்ணுக்குப் பெற்றோர் கொடுத்த வீடும் நகையும் ரொக்கமும் என்னென்ன, அவை யார் பெயரில் இருக்கின்றன. மாப்பிள்ளையும், பெண்ணின் பொறுப்பாளரான வலியும், இரண்டு சாட்சிகளும் அதன் கீழேயும் கையெழுத்துப் போடட்டும். நாளைக்கு மனஸ்தாபம் என்று வந்தாலும், வெள்ளம் வந்து அதிகாரி படிவத்தை நீட்டினாலும், அந்தப் பெண்ணின் கையில் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்கும்.